2030 போட்டிக்காகத் தோண்டிக் கிடக்கும் அகமதாபாத்: மணிநகருக்குப் போகிறவர்களுக்கு யோசனை?

மணிநகர்க்காரன்:
ஜனவரியில் அப்பா அம்மாவோடு அகமதாபாத்தின் மணிநகர் பகுதிக்குப் போகிறோம், பல வருஷம் கழித்து. 2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி வேலையால் ஊரே தோண்டிக் கிடக்கிறதாமே? எந்த ஸ்டேஷனில் இறங்குவது, மொட்டேரா ஸ்டேடியம் போவது எப்படி? அப்பாவின் பழைய ஃபிளாட்டை இடித்துக் கட்ட சொசைட்டியில் (குடியிருப்போர் சங்கம்) சம்மதக் கையெழுத்து வேறு கேட்கிறார்கள். போடலாமா?

தண்டவாளம்:
முதலில் டிக்கெட்டில் இறங்கும் நிலையத்தைப் பாருங்கள். ஊரின் முக்கிய நிலையமான காலுப்பூரைப் புதிதாகக் கட்டுவதால் பல வண்டிகளை மணிநகர், வட்வா, அசார்வா, சபர்மதி என்று பிரித்துவிட்டார்கள். சபர்மதியிலேயே இரண்டு நிலையம் உண்டு, டிக்கெட்டில் நிலையக் குறியீடு எஸ்.பி.டி.யா, எஸ்.பி.ஐ.பி.யா என்று பாருங்கள். திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் வெறும் 'சபர்மதி' என்றால் வண்டியை விட்டுவிடுவீர்கள்.

மணிநகருக்குள் மெட்ரோ இல்லை. ஆட்டோவில் காங்கரியா ஈஸ்ட் மெட்ரோ நிலையம் போய், தல்தேஜ் பக்கம் போகும் ரயில் ஏறி, ஓல்டு ஹைகோர்ட்டில் மொட்டேரா பாதைக்கு மாறுங்கள். அந்தப் பாதை 2024 செப்டம்பர் முதல் காந்திநகர் வரை நீண்டிருக்கிறது. எல்லா ரயிலும் அவ்வளவு தூரம் போகாது, பலகையைப் பார்த்து ஏறணும்.

பட்டம்:
மொட்டேராவில் 1,32,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தைச் சுற்றித்தான் புது விளையாட்டு வளாகம் வரப்போகிறது. கட்டுமான இடத்தில் தகரத் தடுப்பைத்தான் பார்க்க முடியும். கட்டி முடித்ததைப் பார்க்கணும் என்றால் நாரண்புராவுக்குப் போங்கள். அங்குள்ள விளையாட்டு வளாகம் 2025 செப்டம்பரில் திறந்தாச்சு. காங்கரியா ஏரிக்கரைக்குத் திங்களன்று போகாதீர்கள், விடுமுறை. ஜனவரி 14, 15 உத்தராயண், ஊரெல்லாம் பட்டம் விடும் திருவிழா. ஸ்கூட்டர் எடுத்தால் முன்பக்கம் கம்பி வளைவு மாட்டியதாகப் பார்த்து எடுங்கள், மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துவிடும்.

அப்பாவிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுங்கள்: மணிநகர் தமிழ்ப் பள்ளியை 2020-இல் மூடிவிட்டார்கள். அப்போது தமிழக முதல்வராக இருந்த பழனிசாமி குஜராத் முதல்வருக்குக் கடிதமே எழுதினார்.

பத்திரம்:
கையெழுத்துக்கு அவசரம் வேண்டாம். ஆனால் 'நான் போடாவிட்டால் நடக்காது' என்றும் இருந்துவிடாதீர்கள். 25 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கு 75 சதவீத உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும், மற்றவர்களையும் அது கட்டுப்படுத்தும். 2018-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் பரப்பைப் பாருங்கள். அங்கே வீட்டைச் சதுர கஜத்தில் சொல்வார்கள் (ஒரு சதுர கஜம் 9 சதுர அடி), அதில் மாடிப்படி, லிஃப்ட் பங்கும் ஒளிந்திருக்கும். கார்ப்பெட் ஏரியா (வீட்டுக்குள் புழங்கும் பரப்பு) இப்போது எவ்வளவு, புது வீட்டில் எவ்வளவு என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். கட்டி முடியும் வரை நீங்கள் வெளியே குடியிருக்க பில்டர் தரும் வாடகை, வேலை இழுத்தால் எதுவரை வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். 'முடியும் வரை' என்று இல்லாமல் மாதக்கணக்கு போட்டிருந்தால் அதற்குப் பிறகு வாடகை உங்கள் கைக்காசுதான். திட்டம் குஜராத் ரேராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

நம்மவர்களுக்குச் சிக்கலே பெயர்தான். அங்குள்ள பத்திரத்தில் அப்பா பெயர், தாத்தா பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் விரிந்திருக்கும், ஆதாரில் வெறும் இன்ஷியல். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்துக்கொண்டே கிளம்புங்கள். கூடவே சொசைட்டியில் உறுப்பினர் என்று காட்டும் பங்குச் சான்றிதழின் அசல்.

மணிநகர்க்காரன்:
பங்குச் சான்றிதழ் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது!

பத்திரம்:
அப்படியானால் முதல் வேலை அதுதான். வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தோடு சொசைட்டி செயலாளரிடம் பெயர் மாற்ற மனு கொடுங்கள். சம்மதக் கையெழுத்து அதற்குப் பிறகு.