ஓடிஜியில் பிரவுனி: ஓரம் காயுது, நடு வேகலை

வணக்கம், மதுரையிலிருந்து எழுதுறேன். புது 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல வைக்கிற மின்சார ஓவன்) வந்ததிலிருந்து பிரவுனி சரியாவே வரலை. ஓரம் ரஸ்க் மாதிரி காய்ஞ்சுடுது, நடுவுல கத்தி விட்டா மாவு கூழா ஒட்டுது. சர்க்கரையும் முட்டையும் நல்லா அடிச்சும் மேல அந்தப் பளபள ஏடு வர்றதில்லை.

டார்க் சாக்லேட் 150 கிராம், வெண்ணெய் 115, சர்க்கரை 200, மைதா 65, கோகோ 20, முட்டை 2. 8 அங்குலச் சதுர டின், 170 டிகிரி, 30 நிமிஷம். பழைய ஓவன்ல இதே அளவு அருமையா வந்துச்சு, அதனால ரெசிபி மேல சந்தேகமில்லை.

கண்ணாடிப் பாத்திரத்தை விட்டு அலுமினியத்துக்கு மாறியாச்சு. முன்சூடு 15 நிமிஷம். 150-க்குக் குறைச்சு நேரத்தைக் கூட்டினா மொத்தமும் வறண்டுடுது. உள்ளே வெச்ச தெர்மாமீட்டர் சரியாத்தான் காட்டுது. இப்போ மேலயும் கீழயும் இருக்குற ரெண்டு சூடாக்குற ராடும் ஃபேனும் ஓடுது, டின்னை நடுத்தட்டுல வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள், கேக் வேண்டாம் பிரவுனிதான்னு சொல்லிட்டா. ஃபேனை நிறுத்திட்டு கீழ் ராடு மட்டும் போட்டா நடு வேகுமா?