விதை ரொட்டி: வெட்டும்போது உதிர்ந்தால் எங்கே பார்ப்பது?

கோதுமையில் குளூட்டன் (மாவை ஒட்டவைக்கும் புரதம்) செய்கிற வேலையை மாவே இல்லாத இந்த ரொட்டியில் இசப்கோல் உமிதான் செய்கிறது. உதிர்ந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். 8க்கு 4 அங்குல டின்னுக்கு: சூரியகாந்தி விதை 130 கிராம், சோள அவல் (ஜோவர் ஃப்ளேக்ஸ்) 140, ஆளி விதை 90 (பாதியை மிக்ஸியில் பொடிக்கவும்), ஒன்றிரண்டாக நறுக்கிய பாதாம் 70, எள் 25, இசப்கோல் உமி 24, தூளுப்பு ஒன்றேகால் டீஸ்பூன். 350 மில்லி தண்ணீரில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய் கலந்து ஊற்றி, பட்டர் பேப்பர் போட்ட டின்னில் நன்றாக அழுத்தி, குறைந்தது 2 மணி நேரம் ஊற விடுங்கள். இரவு முழுக்க ஊறினால் இன்னும் நல்லது. பேப்பரை ஓரத்தில் இழுத்தால் கலவை செங்கல் மாதிரி நிற்க வேண்டும். சரிந்தால் ஒரு ஸ்பூன் உமி சேர்த்து மறுபடி ஊறட்டும்.

ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம். பிறகு டின்னிலிருந்து எடுத்து, கம்பித் தட்டில் தலைகீழாக வைத்து இன்னும் 40 நிமிடம். தட்டினால் டொக்கென்று வெற்றொலி வரணும்.

*

மேலே இருப்பவர் சொன்ன அளவை அப்படியே வழிமொழிகிறேன், உமி விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்பூன் கணக்கு வேண்டாம், எடை போடுங்கள். உமி பஞ்சு மாதிரி, அதன் பொடியோ ஸ்பூனில் கெட்டியாக அடைந்துகொள்ளும். ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றினால் ரொட்டி ரப்பராகிவிடும். மருந்துக்கடையில் வாங்கினால் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ஆரஞ்சு சுவையும் சர்க்கரையும் சேர்த்தது இதற்கு உதவாது. சில உமி வெந்ததும் ரொட்டியைக் கத்தரிப்பூ நிறமாக்கும். கெட்டுப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள், நிறம் மட்டும்தான் மாறியிருக்கும். அடுத்த முறை வேறு பிராண்ட் பாருங்கள்.

*

சின்ன ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) மேலே சூடாகும் கம்பி ரொட்டிக்கு மிக நெருக்கம். உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே எள் கருகி, கசப்பு ரொட்டி முழுக்க ஏறிவிடும். கீழ்த் தட்டில் வைத்து, கடைசி 20 நிமிடம் அலுமினிய ஃபாயிலை மேலே தளர்வாகப் போடுங்கள்.

சூடாக இருக்கும்போது கத்தி வைக்கவே கூடாது. ஆறும்போதுதான் உமியின் பசை இறுகும், அதற்கு 3 மணி நேரமாவது ஆகும். மெல்லிசாக வெட்டி தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டினால்தான் ருசியே. வாட்டாமல் தின்றுவிட்டு "சப்பென்று இருக்கிறது" என்பவர்கள் பாதி வேலையில் நிறுத்தியவர்கள். ஃப்ரிட்ஜில் 5 நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில்.

*

சீலியாக் (குளூட்டன் சாப்பிட்டால் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவர்களுக்குச் செய்தால் பொருள் வாங்கும் இடமும் முக்கியம். சோள அவலுக்குப் பதில் ஓட்ஸ் போட நினைத்தால், சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். கோதுமை அரைக்கிற மில்லில் ஆளி விதையைக் கொடுக்காதீர்கள், வீட்டு மிக்ஸி போதும். அவல், விதை இரண்டுமே குளூட்டன் ஃப்ரீ என்று அச்சிட்ட பாக்கெட்டாக இருக்கட்டும். இந்தியாவில் அப்படி அச்சிட குளூட்டன் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்.

உப்பிவரும் என்று நினைத்து சமையல் சோடா போடுகிறவர்களுக்கும் ஒன்று: இந்தக் கனத்தை அது தூக்காது. சூரியகாந்தி விதையோடு சேர்ந்து உள்ளே பச்சை நிறம்தான் வரும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பாசி பிடித்தது மாதிரி இருப்பதை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள்.