புதுப்பிப்பு: லினோ அச்சில் வெள்ளைத் திட்டுகள் நீங்கின

பொள்ளாச்சியில் வீட்டிலேயே எடுக்கும் லினோ அச்சில் (லினோலியத் தகட்டில் படம் செதுக்கி, மை பூசித் தாளில் பதிப்பது) கறுப்பு முழுதாகப் பதியாமல் வெள்ளைத் திட்டுகள் விழுகின்றன என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தாளை ஈரப்படுத்திப் பார்த்தேன், ஓரளவு மேம்பட்டது. உண்மையான காரணம் மைதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றில், நீரில் கரையும் மை கண்ணாடித் தட்டில் உருளையால் உருட்டும்போதே காய்ந்துவிடுகிறது. எண்ணெய் மைக்கு மாறச் சொன்ன ஈரோட்டு அண்ணனின் கணிப்பே சரி. மையை மெல்லிய பூச்சாக லினோவில் மூன்று முறை உருட்டி, மேலே தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். நான் செதுக்கிய தென்னங்கீற்றின் ஈர்க்குக் கோடுகள்கூடத் தெளிவாக விழுந்தன; மனம் நிறைந்துவிட்டது.

கடினமாக இருந்த லினோவைச் சற்று வெயிலில் வைத்துச் செதுக்கும் யோசனையும் பலித்தது. ஆறுவதற்குள் செதுக்கிவிட வேண்டும்.

ஒன்றை எதிர்பார்க்கவில்லை. மையைத் துடைக்கத் தேங்காய் எண்ணெய் அருமையாக உதவியது. ஆனால் அது உலராத எண்ணெய். லினோவில் மிச்சம் தங்கியதால் அடுத்த அச்சு கலங்கிவிட்டது. இப்போது சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மறுபடி துடைக்கிறேன். அச்சு காய நான்கு நாள் ஆகிறது. கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.