ரேம் வாங்கியவர்கள் சொல்லுங்கள்: எந்தக் கம்பெனி, எந்தக் கடை?

பழையாறு (நாகர்கோவில்)

வடசேரியில் சிறிய டி.டி.பி. கடை நடத்துகிறேன். கணினியில் 8 ஜிபி டிடிஆர்4 தலைமுறை ரேம் (வேலை நினைவகம்) ஒன்றுதான் இருக்கிறது. கல்யாண அழைப்பிதழ் அடிக்க அது போதும். ஆல்பம் வேலை எடுக்க ஆரம்பித்த பிறகு, ஃபோட்டோஷாப்பில் நாலு பக்கம் திறந்தாலே மவுஸ் நகர மறுக்கிறது. இன்னொரு 8 ஜிபி போடலாம் என்று விசாரித்தால் ஒரு கடையில் கிங்ஸ்டன் என்கிறார்கள், அடுத்த கடையில் கோர்செயர், அதற்கடுத்ததில் அடாட்டா. தன் கடையில் இல்லாத பிராண்டு எல்லாமே மட்டம் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.

வேளிமலை (தக்கலை)

பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உலகத்தில் விற்கும் ரேம் சிப்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை மூன்று நிறுவனங்கள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். நீங்கள் சொல்லும் பிராண்டுகள் எல்லாம் சிப்பை வெளியே வாங்கி, பலகையில் பொருத்தி, சோதித்து, தங்கள் பெயரை ஒட்டி விற்பவை. சோதிப்பதில் காட்டும் கவனத்திலும் வாரண்டியிலும்தான் இவற்றுக்குள் வித்தியாசம்.

திருவட்டாறு பக்கத்து ரப்பர் ஷீட் வியாபாரி ஒருவர், கணக்குக் கணினியில் இருந்த ரேமின் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு போய், ஓர் எழுத்தும் பிசகாமல் அதே எண்ணில் இன்னொன்று வாங்கி வந்தார். போட்டதும் விண்டோஸ் வந்துவிட்டது. ஆனால் தினமும் நீலத்திரை. அந்தக் கம்பெனியைத் திட்டிக்கொண்டே பெட்டியைத் தூக்கி வந்தார். சிபியு-இசட் மென்பொருளில், ரேம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரங்கள் இருக்கும் எஸ்.பி.டி. பகுதியைத் திறந்து காட்டினேன். ஒரு ஸ்லாட்டில் சாம்சங் சிப், மற்றதில் ஹைனிக்ஸ். ஸ்டிக்கர் மட்டும்தான் ஒன்று. மாடல் எண்ணை மாற்றாமலே உள்ளே சிப்பை மாற்றுவது இந்தத் தொழிலில் சாதாரணம். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி.யை, அதாவது பெட்டியில் போட்ட வேகத்தில் ரேமை ஓடவைக்கும் அமைப்பை, அணைத்து, இரண்டையும் 2666 வேகத்துக்கு இறக்கினேன். பென் டிரைவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டதில் பிழை ஒன்றும் இல்லை. ஷீட் கணக்கு எழுத 3200 வேகம் எதற்கு?

கோர்செயர் லேபிளில் ஒரு சௌகரியம் உண்டு. 'வெர்' என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அது 3-இல் தொடங்கினால் மைக்ரான் சிப், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். கடையிலேயே பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிடலாம்.

உங்களுக்கு என் யோசனை, தனியாக ஒரு 8 ஜிபியைத் தேடாமல் ஒரே பெட்டியில் வரும் இரட்டை 8 ஜிபி கிட் வாங்குங்கள். இரண்டும் சேர்த்துச் சோதிக்கப்பட்டு வருபவை. எந்தப் பிராண்டு என்பது அதற்கு அடுத்த கேள்வி.

கடற்காற்று (குளச்சல்)

எங்கள் ஊரில் எந்தப் பிராண்டுக்கும் கடல்தான் எதிரி. வீடு கரையிலிருந்து கூப்பிடு தூரம். மழைக்காலம் வந்தால், அதுவும் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம், பவர் பட்டனை அழுத்தியதும் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரை கறுப்பாகவே நிற்கும். ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் பொன்னிறப் பற்கள் மேல் மங்கலாக ஒரு படலம் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் ரப்பர் கறுத்துப் பற்கள் மின்னும். துகளைத் தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பச் சொருகினால் கணினி எழுந்துவிடும். விலை உயர்ந்த பிராண்டு, மலிவான பிராண்டு இரண்டையும் இங்கே வைத்துப் பார்த்தாயிற்று. உப்புக்காற்றுக்குப் பாரபட்சம் கிடையாது.

வேளிமலை (தக்கலை)

ரப்பர் அவசரத்துக்குச் சரி. அங்கே இருப்பது மெல்லிய தங்கப் பூச்சு, தேய்க்கத் தேய்க்க அதுவும் போய்விடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுபடாத துணியில் நனைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள்.

கல்லூரிப் பையன் (பூதப்பாண்டி)

வேளிமலை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெட்டியில் உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். என் அறைத் தோழன் 3600 என்று போட்ட ரேம் வாங்கியிருந்தான். எக்ஸ்.எம்.பி.யை யாரும் இயக்கித் தராததால் அது 2133-லேயே ஓடிக்கொண்டிருந்தது, அவனோ வேகமாக இருக்கிறது என்று சொல்லித் திரிந்தான். பக்கத்தில் இருக்கும் சி.எல். எண்ணும் முக்கியம்; கேட்ட தரவைத் தர ரேம் எத்தனை சுழற்சி எடுக்கிறது என்பதுதான் அது. அதை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் தாமதம் நானோ நொடியில் வரும். 3200 வேகம் சி.எல்.16 என்றால் 10 நானோ நொடி. 3600 சி.எல்.18 என்றாலும் அதே 10-தான். 3200 சி.எல்.22 என்றால் 13.75. ஒரே பிராண்டிலேயே இந்த மூன்றும் இருக்கும், விலையும் வேறாக இருக்கும். வண்ண விளக்கு எரியும் ரகத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு விளக்குக்குத்தான்.

குழித்துறை (மார்த்தாண்டம்)

நான் பிராண்டை விடக் கடையைத்தான் பார்ப்பேன். இணையத்தில் நூற்றுக்கணக்கில் விலை குறைவு என்று வாங்கிய ரேம் ஒன்று பழுதானபோது, விற்றவர் கம்பெனியைக் கேளுங்கள் என்றார், கம்பெனி கூரியர் அனுப்பச் சொன்னது. வாழ்நாள் வாரண்டி என்று பெட்டியில் எழுதியிருந்தது, ஆனால் மாற்று வரும்வரை ஸ்டூடியோ வேலையை யார் செய்வது? கல்யாண சீசனில் ஒரு வாரம் கணினி படுத்தால் வாடிக்கையாளர் அடுத்த ஸ்டூடியோவுக்குப் போய்விடுவார். இப்போது பஸ்ஸில் போய்க் கேட்கும் தூரத்தில், பில் போட்டுக் கொடுக்கும் கடையில் மட்டும்தான் வாங்குகிறேன். என் கடைக்காரர் பழுதானதை வாங்கி வைத்துக்கொண்டு, மாற்று வரும்வரை ஓட்டுவதற்குத் தன்னிடமிருந்து ஒன்றைக் கடனாகத் தருகிறார். அவர் எந்தப் பிராண்டைத் தருகிறாரோ அதுதான் என் பிராண்டு.

இன்னொன்று. பழைய டிடிஆர்3 கணினி வைத்திருப்பவர்கள், இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் 8 ஜிபி ரேமில் 'ஏ.எம்.டி.க்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் பலகையில் போட்டால் பெரும்பாலும் படமே வராது.

வேளிமலை (தக்கலை)

குரூசியல் வாங்கலாமா என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். அது மைக்ரானின் சொந்தப் பிராண்டு. சில்லறை விற்பனையிலிருந்து குரூசியலை விலக்கிக்கொள்வதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. 2026 பிப்ரவரி வரை சரக்கு அனுப்புவோம், வாரண்டி தொடரும் என்றும் சொன்னது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சிப்பை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். ரேம் விலை ஏறியதற்கும் அதுவே காரணம். அதனால் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள்.

பழையாறு (நாகர்கோவில்)

எல்லோருக்கும் நன்றி. கோர்ட் ரோடு பக்கம் ஒரு கடையில் 3200 சி.எல்.16 இரட்டை 8 ஜிபி கிட் இருக்கிறது, பில்லும் தருகிறார்கள். என் மதர்போர்டில் நாலு ஸ்லாட். எவற்றில் போடுவது? பழைய 8 ஜிபியையும் கூடவே வைக்கலாமா?

வேளிமலை (தக்கலை)

பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அப்போதுதான் இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு ரேமும் ஒரே நேரத்தில் தரவு பரிமாறும்படி, ஓடும். பழையதைச் சேர்த்தால் திரும்பவும் ரப்பர் ஷீட்காரர் கதைதான். அதை என்னிடம் கொண்டு வாருங்கள், இப்போதைய விலைக்கு எடுத்துக்கொள்கிறேன்.