வெட்டு தாளத்தில்தான் விழ வேண்டுமா? இசைக் காணொளியும் திரைப்படத் தொகுப்பும்

திரைநோக்கி:
இசைக் காணொளிகளின் பழக்கம் திரைப்படத் தொகுப்பைக் கெடுத்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து. தாளம் விழும் இடத்திலெல்லாம் ஒரு ஷாட்டை (நிறுத்தாமல் ஓடும் படத்துண்டை) வெட்டி அடுத்ததற்கு மாறினால், காது முன்பே அறிந்ததைக் கண்ணுக்கு மறுபடி சொல்வதோடு வெட்டின் வேலை முடிந்துவிடுகிறது. பேசும்படம் பிறந்த வேளையில், 1928இல், சோவியத் இயக்குநர்களான ஐசன்ஸ்டைன், புடோவ்கின், அலெக்ஸாண்ட்ரோவ் மூவரும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை இந்த ஆபத்தைப் பற்றித்தான் எச்சரித்தது. ஒலி படத்தோடு ஒட்டிக்கொண்டால் மாண்டேஜின் (ஷாட்டுகளை இணைத்துப் பொருள் உண்டாக்கும் தொகுப்பு முறையின்) ஆற்றல் அழியும் என்றும், தொடக்கச் சோதனைகள் இரண்டும் பொருந்தாமல் நிற்பதை நோக்கியே அமைய வேண்டும் என்றும் அவர்கள் எழுதினார்கள். அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் நல்ல வெட்டுக்கான ஆறு அளவுகோல்களை வகுத்தபோது உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் தந்து, லயத்துக்கு 10 மட்டுமே ஒதுக்கினார். 1981இல் எம்டிவி என்ற இசைக் காணொளித் தொலைக்காட்சி வந்த பிறகு உருவான தலைமுறை அந்தப் பத்தை நூறாக்கிவிட்டது.

லயக்காரன்:
ஐசன்ஸ்டைனைத் துணைக்கு அழைப்பதானால், மாண்டேஜ் முறைகளை அவர் வகைப்படுத்திய 1929ஆம் ஆண்டுக் கட்டுரையையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஷாட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொருட்படுத்தாமல், மாத்திரைக் கணக்குப் போல நீளத்தை மட்டும் அளந்து வெட்டுவதை அவர் மெட்ரிக் மாண்டேஜ் என்றார்; ஷாட்டுக்குள் நிகழும் அசைவும் சேர்ந்து நீளத்தைத் தீர்மானித்தால் அது ரிதமிக் மாண்டேஜ். பின்னதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு, 1925இல் வந்த 'போர்க்கப்பல் பொட்டம்கின்' படத்தின் ஒடெசா படிக்கட்டுக் காட்சி. படியிறங்கும் சிப்பாய்களின் பூட்ஸ் கால்கள் வெட்டுகளின் தாளத்தோடு சேர்ந்து விழாமல் ஒவ்வொரு முறையும் தள்ளியே விழுகின்றன. இறுக்கம் உச்சத்தை எட்டும்போது நடை போய்க் குழந்தை வண்டியின் உருளல் வந்து, லயமே வேறாகிறது. சோவியத் ஆவணப்பட இயக்குநர் ஜிகா வெர்தோவின் படம் ஒன்றில் மெட்ரிக் கணக்கு அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று குறை சொன்னவரும் அவரே. ஆக, அவருக்குத் தாளத்தோடு பகை இல்லை.

நல்ல இசைக் காணொளியும் இந்த இரண்டாம் வகைதான். இசைக் காணொளி ஆய்வாளர் கேரல் வெர்னாலிஸ் 2004இல் வெளியிட்ட நூலில், காணொளியின் வெட்டுகள் பாடலுக்குள் தனியொரு லய அடுக்காக இயங்குவதை விளக்குகிறார்: அவை சில இடங்களில் தாளத்தைத் தாங்குகின்றன, சில இடங்களில் அதற்கு எதிராகப் போகின்றன, வேறு சில இடங்களில் ஒரு வரியையோ பாடலின் பகுதி மாறுவதையோ சுட்டுகின்றன. தாளம் தொடங்கும் சமத்தில் எடுக்காமல் அரை இடமோ முக்கால் இடமோ தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது.

நிதானன்:
எம்டிவியின் மேல் போடும் பழிக்கு ஆண்டுக்கணக்கே ஒத்துவரவில்லை. திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் கணக்கிட்டபடி, 1930க்கும் 1960க்கும் இடையில் பெரும்பாலான ஹாலிவுட் படங்களின் சராசரி ஷாட் நீளம் 8 முதல் 11 விநாடி. அது குறையத் தொடங்கியது 1960களில். 1990களின் இறுதியில் 3 முதல் 6 விநாடிக்கு வந்து நின்றது. எம்டிவி அந்தச் சரிவின் நடுவில் வந்து ஏறிக்கொண்டது.

மேசைவாசி:
தொகுப்பு மேசையில் உட்காருபவன் என்ற முறையில் இரண்டு செய்திகள். விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படச்சட்டம்) ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) உள்ள பாடலுக்கு ஒரு பீட் சரியாக 12 ஃபிரேம். 100 பீட் என்றால் 14.4 ஃபிரேம். வெட்டு முழு ஃபிரேமில்தான் விழ முடியும்; எனவே "துல்லியமாகப் பீட்டில் வெட்டு" என்று கேட்கும் இயக்குநருக்குப் பல பாடல்களில் அதைத் தரவே முடியாது (அந்த அரை ஃபிரேம் யார் கண்ணுக்கும் தெரியாது என்பது வேறு). பீட்டுக்கு ஓரிரு ஃபிரேம் முன்னதாக வெட்டினால்தான் பல நேரங்களில் வெட்டு பீட்டில் விழுந்ததாகத் தோன்றும்.

இரண்டாவது செய்தி நம் திரைப்பாடல்களைப் பற்றியது. பாடல் முதலில் பதிவாகி, படப்பிடிப்பில் ஒலிக்கவிடப்பட்டு, நடிகர் அதற்கு ஆடுகிறார். அதாவது, தாளம் உடலில் முன்பே ஏறியிருக்கிறது. கால் தரையைத் தொடும் அதே பீட்டில் நான் வெட்டினால், அடி விழுவதைப் பார்வையாளர் பார்க்கவே மாட்டார்; நடன இயக்குநர் அமைத்த அசைவை நானே விழுங்கியவனாவேன். அதனால் அசைவின் நடுவில் வெட்டி, அடுத்த ஷாட்டில் அடி விழவிடுகிறோம். இதற்குக் கோட்பாடு எதுவும் தேவைப்பட்டதில்லை.

திரைநோக்கி:
மேசைவாசி ஐயா சொல்வது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது: தாளத்தில் வெட்டாதே என்பதே அதன் பொருள். லயக்காரன் கூறும் "லய அடுக்கு" பற்றி எனக்கு வேறோர் ஐயம் உண்டு. 1938இல் வந்த 'அலெக்ஸாண்டர் நெவ்ஸ்கி' படத்தில் உறைந்த ஏரியின் பனிமேல் நடக்கும் போருக்கு முந்தைய 12 ஷாட்டுகளை எடுத்துக்கொண்டு, இசையமைப்பாளர் புரோகோஃபியெவின் இசைக்கோடும் காட்சியின் கோடும் ஒத்துப்போவதாக ஐசன்ஸ்டைன் ஒரு வரைபடமே போட்டார். இசையமைப்பாளர் ஹன்ஸ் ஐஸ்லர் தத்துவவாதி அடோர்னோவுடன் எழுதிய 1947ஆம் ஆண்டு நூல் அதை உடைத்தது: ஒத்துப்போவது தாளில் எழுதிய சுரக்குறிகளின் வடிவம்தானே தவிர, கேட்கும் இசை அன்று. 1928இல் பொருந்தாமையைக் கோரியவரே பத்தாண்டில் பொருத்தம் தேடி இங்கே வந்து சேர்ந்தார். காணொளி ஆய்வாளர்களும் இதே வலையில் விழுகிறார்களோ என்று அஞ்சுகிறேன். தவிர, காணொளிக்கு யார் எங்கே நிற்கிறார்கள் என்ற இடத்தெளிவு தேவையில்லை. திரைப்படத்தின் சண்டைக்காட்சி அந்த நடையைக் கடன் வாங்கும்போது யார் யாரை அடிக்கிறார் என்பதே புலப்படுவதில்லை.

லயக்காரன்:
சண்டைக்காட்சிகளைப் பற்றி நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காணொளி என்றாலே வேகவெட்டு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவின் 'ஸ்டார் கிட்டார்' (2002) காணொளியில் இயக்குநர் மிஷெல் கோந்த்ரி ரயில் சன்னலுக்கு வெளியே நகரும் காட்சியை ஒரே ஓட்டம்போலக் காட்டி, கடந்து செல்லும் தூண்களையும் கட்டடங்களையும் தாள ஒலிகளோடு இணைத்தார். பாடகி ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் 2 யூ' (1990) பெரும்பகுதி ஒரே முகத்தின் அண்மைக்காட்சி. அதில் கண்ணீர் வழியும் இடம், மர்ச் உணர்ச்சிக்குத் தந்த 51 விழுக்காட்டை வெட்டாமலேயே ஈட்டிவிடுகிறது.

திரைநோக்கி:
வெட்டாமல் விட்டவற்றைக் காட்டினால் அவை என் பக்கத்துச் சான்றுகள். வெட்டியே வென்ற பாடல் ஒன்றைச் சொல்லுங்கள்.

லயக்காரன்:
ரிச்சர்ட் லெஸ்டரின் 'எ ஹார்ட் டேஸ் நைட்' (1964) படத்தில் 'காண்ட் பை மீ லவ்' ஒலிக்கும் திடல் காட்சி. அங்கே பீட்டில்ஸ் இசைக்குழுவினர் யாரும் வாயசைப்பதில்லை; வேகம் கூடியும் குறைந்தும், ஹெலிகாப்டரிலிருந்தும் தரையிலிருந்தும் மாறிமாறி, வெட்டுகள் அவர்களுடைய ஓட்டத்தையும் குதிப்பையும் துரத்துகின்றன. அது திரையரங்குக்கென எடுத்த முழுநீளப் படம். எம்டிவிக்கு 17 ஆண்டுகள் முந்தையது. நீங்கள் காணொளியின் குற்றம் என்று சொல்லும் நடையைக் காணொளிக்குக் கொடுத்ததே திரைப்படம்தான்.