காலிபிரேஷன்: ‘அளவுத்திருத்தம்’ போதுமா?

வணக்கம்.

வேறுபாட்டு வெப்பப் பகுப்பாய்வுக் கருவிகளை (மாதிரியையும் மாற்றமடையாத இன்னொரு பொருளையும் ஒருசேரச் சூடாக்கி, அவற்றின் வெப்பநிலை வேறுபாட்டை அளப்பவை) பற்றி எழுதும்போது காலிபிரேஷன் என்பதற்கு ‘அளவுத்திருத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை ஏற்கத் தயங்குகிறேன். சொல் பழகியதுதான், ஆனால் அது குறிப்பது வேறொரு செயலை. இண்டியம் என்னும் உலோகத்தின் உருகுநிலை 156.6 டிகிரி செல்சியஸ். அதைக் கருவியில் இட்டுச் சூடாக்கும்போது உருகல் 158 டிகிரியில் தொடங்குவதாக வரைகோடு காட்டினால், அந்த 1.4 டிகிரி விலகலைக் கண்டறிந்து பதிவு செய்வதே காலிபிரேஷன். விலகல் நீங்குமாறு கருவியைச் சரிசெய்வது அதன் பின் வருவது. அளவியலுக்கான பன்னாட்டுச் சொற்றொகுதியும் இவ்விரண்டையும் பிரித்தே வரையறுக்கிறது. முதற்செயலுக்கே ‘திருத்தம்’ என்பதைக் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்கு எந்தச் சொல்லைத் தேடுவது?

அறிந்த மதிப்போடு கருவி காட்டும் அளவை ஒப்பிடுவதால் ‘அளவொப்பீடு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். ‘அளவொப்பிட்டோம்’, ‘அளவொப்பிடாத கருவி’ என வினையாகவும் எச்சமாகவும் அது இயல்பாக வளைகிறது. ‘தரப்படுத்தல்’ என்ற மாற்றுச்சொல் வேறு பல பொருள்களைச் சுமந்து நிற்பதால் அதை ஆராயவே வேண்டியதில்லை.

இக்கருவியில் வெப்பநிலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது என்பதே என் வலுவான காரணம். மாதிரிக்கும் அதனருகில் ஒப்பிடுவதற்காக வைக்கப்படும் அலுமினாவுக்கும் (அலுமினியம் ஆக்சைடு) இடையிலான வெப்பநிலை வேறுபாட்டை வெப்ப மின்னிரட்டைகள் (தெர்மோகப்பிள்) மைக்ரோவோல்ட் அளவில் தருகின்றன. அவ்வாறு வரைகோட்டில் எழும் முகட்டின் பரப்பை வெப்ப அளவாக, அதாவது ஜூலாக மாற்ற ஒரு மாறிலி தேவை. மாறிலி என்பது பெயரளவில்தான்: வெப்பநிலை உயர உயர, தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பின்பற்றும் கதிர்வீச்சு மேலோங்கி, மாதிரிக்கும் சுற்றுப்புறத்துக்கும் இடையே வெப்பம் எளிதாகப் பரிமாறப்படுவதால், அதே அளவு வெப்பத்திற்குச் சிறிய முகடே கிடைக்கிறது. நைட்ரஜனுக்குப் பதிலாக, வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் ஹீலியத்தைச் செலுத்தினாலும் முகடு சுருங்கும். ஆகவே வெள்ளீயம் (231.9 டிகிரி), துத்தநாகம் (419.5), அலுமினியம் (660.3) எனப் பல புள்ளிகளில், ஆய்வுக்குப் பயன்படுத்தப்போகும் அதே வளிமத்திலும் அதே சூடேற்றும் வீதத்திலும், அம்மாறிலியின் மதிப்பைக் கண்டறிய வேண்டியிருக்கிறது. பிழையே இல்லாத கருவிக்கும் இது வேண்டும். அங்கே திருத்துவதற்கு எதுவும் இல்லை.

இதையொட்டி இன்னொன்று. ஹீட் டிரான்ஸ்ஃபர் என்பதை ‘வெப்பக் கடத்தல்’ என்று எழுதினால் கதிர்வீச்சும் வெப்பச்சலனமும் விடுபட்டுப்போகும். ‘வெப்பப் பரிமாற்றம்’ என்பதே மூன்றையும் தழுவும்.

என் சொல்லுக்கு எதிராக ஒரு தடை எழலாம் என்பதையும் நானே கூறிவிடுகிறேன். அலுமினாவை ‘ஒப்புப்பொருள்’ என்று அழைத்துவருகிறோம். ‘அளவொப்பீடு’ வந்தால், ஒப்பீட்டுக்குரிய இண்டியத்தைத்தான் அப்பெயர் குறிக்கிறது என்று மாணவர் மயங்கக்கூடும். அலுமினா ஆய்வின்போது எந்த மாற்றமும் அடையாமல் இருப்பதற்காகவே தெரிவுசெய்யப்படுவதால், அதை ‘மாறாப்பொருள்’ என்றும் இண்டியம் போன்றவற்றை ‘நியமப்பொருள்’ என்றும் வழங்கலாமா?