வெற்றோட்ட நொண்டல், வெற்றோட்ட அலைவு: இரண்டு குறிகளுக்கு இரண்டு சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எரிபொருள் உட்செலுத்தும் பழைய எஞ்சின்களில் வரும் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது) கோளாறுகள் அனைத்தையும் ‘நிலையற்ற ஓட்டம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்று முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. ஐடிலிங்குக்கு ‘வெற்றோட்டம்’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. ‘சோம்பல் ஓட்டம்’ வேண்டவே வேண்டாம். ஆனால் கோளாறுகளை ஒரே சொல்லில் அடக்கினால், பழுது பார்ப்பவர் எங்கே தேடத் தொடங்க வேண்டும் என்பதே மறைந்துபோகும்.

முதல் வகையில், எஞ்சினின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் நிமிடத்துக்கு 750 சுற்றுகளை ஒட்டியே நிற்கும். ஆயினும் எஞ்சின் உதறும், ஸ்டீயரிங்கில் கைவைத்தால் விட்டுவிட்டு ஒரு தட்டல் தெரியும், புகைக்குழாய் ஓசையில் அவ்வப்போது ஓர் அடி விடுபடும். பட்டறையில் ‘மிஸ் அடிக்கிறது’ என்பது பெரும்பாலும் இதைத்தான். ஏதோ ஒரு சிலிண்டர் தன் பங்கைச் செய்யாததால் வரும் இந்தக் குறிக்கு ‘வெற்றோட்ட நொண்டல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டும்போது எந்தச் சிலிண்டரில் எஞ்சினின் வேகம் குறையவில்லையோ அதுவே நொண்டும் சிலிண்டர்; அதன் பிளக், இன்ஜெக்டர், அழுத்தம் ஆகியவற்றைப் பிறகு பார்க்கலாம். வெற்றோட்டத்தின்போது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வெற்றோட்டக் காற்று வால்வின் இணைப்பை முன்னதாகக் கழற்றாவிட்டால், கட்டுப்பாட்டுக் கணினி வேகத்தை ஈடுகட்டி இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

இரண்டாம் வகையில் எல்லாச் சிலிண்டர்களும் ஒழுங்காகவே எரியும். முள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்; இதை ஆங்கிலத்தில் ‘சர்ஜிங்’ என்பார்கள். வேகம் குறைவதைக் கண்ட கணினி காற்று வால்வைத் திறக்கிறது. கரி படிந்த வால்வு தாமதமாக அசைகிறது. உள்ளிழு குழலில் காற்று நிறைவதற்கும் சிறிது நேரம் ஆகிறது. அதற்குள் கணினி தேவைக்கு மேல் திறந்துவிடுவதால் வேகம் இலக்கைத் தாண்டுகிறது, பிறகு அதே தாமதத்துடன் கீழே விழுகிறது. சில எஞ்சின்களில் நடப்பது வேறு. கூடுதல் காற்று எங்கிருந்தோ புகுந்து, த்ராட்டில் (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்றுக்கதவு) மூடியிருக்கும்போதே வேகம் ஏறக்குறைய 1,500 சுற்றுகளைக் கடந்தால், வண்டி சரிவில் இறங்குகிறது என்று கருதிக் கணினி எரிபொருளை நிறுத்துகிறது. வேகம் விழுந்ததும் மீண்டும் தருகிறது. இந்தச் சுழற்சி ஓய்வதில்லை. இரண்டிலும் கோளாறு இருப்பது சிலிண்டரில் அன்று, வேகத்தைக் கணினி கட்டுப்படுத்தும் முறையில். ஊசலின் இயக்கத்துக்கு இயற்பியல் பாடநூல்கள் ஏற்கெனவே வழங்கும் ‘அலைவு’ இங்கே அப்படியே பொருந்துவதால், இதை ‘வெற்றோட்ட அலைவு’ என்போம்.

‘காற்றுக்கசிவு ஓட்டம்’ என்று காரணத்தைக் கொண்டே பெயரிடலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரே கசிவு இரண்டு குறிகளையும் தரக்கூடும்: உள்ளே போகும் காற்றை அளக்கும் உணரி கொண்ட எஞ்சினில், அளவில் சேராத காற்று கலவையை நீர்த்துப்போகச் செய்து நொண்டலை உண்டாக்கலாம்; குழலின் அழுத்தத்தை அளக்கும் எஞ்சினிலோ கணினி அந்தக் காற்றுக்கும் சேர்த்து எரிபொருள் தருவதால் வேகம் கூடி அலைவு தொடங்கலாம். மறுபுறம், கசிவே இல்லாமலும் அலைவு வரும். குளிர்நீர் குறைந்து வெப்ப உணரியைச் சுற்றிக் காற்றுக்குமிழ் தங்கிவிட்டால், எஞ்சின் சூடாகியும் கணினி அதைக் குளிர்ந்ததாகவே எண்ணி வால்வைத் திறந்து வைத்திருக்கும்; கணினியின் அளவீடுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இல்லாத இடத்தில் முதலில் நீர்மட்டத்தைப் பார்ப்பதே அறிவுடைமை, அதுவும் எஞ்சின் ஆறிய பின்பே மூடியைத் திறக்க வேண்டும். குறி கண்ணெதிரே உள்ளது. காரணமோ தேடிய பிறகே தெரியவருவது. எனவே கலைச்சொல் குறியையே சுட்ட வேண்டும்.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. சாலையில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் செல்லும்போது வண்டி தானாக முந்துவதும் பின்வாங்குவதுமாக இருப்பதையும் ‘சர்ஜிங்’ என்றே சொல்கிறார்கள். அதற்குச் ‘செல்லோட்ட அலைவு’ பொருந்தும் என நினைக்கிறேன். ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அமுக்கியில் காற்று பின்னோக்கிப் பாய்வதற்கும் அதே பெயர் வழங்குகிறது. அங்கே ‘அலைவு’ என்ற சொல்லை நீட்டிக்காமல் ‘எதிர்ப்பாய்வு’ என்று தனியே வைக்கலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.